வாரிசுப் பட்டியலில் இல்லாத அத்தை

பத்தே நாள் என்றுதான் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அம்மாவும் சாமான்களோடு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பரீட்சை இருந்தது. வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவும் ஓர் ஆள் வேண்டுமே. சாப்பாட்டுக்கு எதிர்வீட்டு டீச்சர்.

பரீட்சை முடிந்த பிறகும், வீடு விற்கும்வரை அங்கேயே இரு என்றார்கள். பத்து நாள் நான்கு மாதமாகிவிட்டது. காலி வீட்டில் இருமினால் அடுத்த அறையில் யாரோ பதிலுக்கு இருமினார்கள். ராத்திரியானால் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சுவரோரமாகப் பாயை ஒட்டிப் போட்டுக்கொள்வாள்.

விற்பனை இழுத்ததற்குக் காரணம் அத்தை. வீடு தாத்தா பெயரில் இருந்தது. அவர் இறந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு அப்பா தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கையை எதிலும் சேர்ப்பதில்லை. வாங்குகிறவரின் வக்கீல் பழைய குடும்ப அட்டையில் அத்தையின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எங்களைப் பொறுத்தவரைக்கும் அவ செத்துட்டா சார்" என்றார் அப்பா.

"பொறுத்தவரைக்கும் செத்தவங்களுக்கு எந்த ஆபீஸ்லயும் சர்டிபிகேட் குடுக்கறதில்லையே சார்."

பிறகு பேப்பரில் விளம்பரம், கோர்ட்டில் மனு, வாய்தாவுக்கு மேல் வாய்தா. அத்தை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாதாம்.

அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் பள்ளி வாசலில் நிறுத்தி, "என் மூக்கு உனக்கு" என்று அழுதுவிட்டு அத்தை எழுதிக் கொடுத்த நம்பர், ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டியிருந்தது. வாயைத் திறக்கத்தான் பயம்.

இன்றைக்கு அம்மா போனில், இன்னும் ஒரு வருடம்கூட ஆகலாம் என்றாள், கொட்டாவியோடு.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த நம்பரை அழுத்தினாள். வீட்டில் கேட்க ஆளே இல்லாதபோதும் கிசுகிசுப்பாகவே எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் உங்ககிட்ட பேசினது தெரிஞ்சா அப்பா என்னையும் தலைமுழுகிருவாரு அத்தை."



"என் கையெழுத்து இல்லாம முடியாதுன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"வக்கீலே சொன்னாரா?"

"ஆமா அத்தை."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "காலைல நானே உங்கப்பனுக்குப் போன் பண்றேன். பேப்பர் விளம்பரம் பாத்தேன்னு சொல்லிக்கறேன். உன் பேச்சே வராது." கொஞ்சம் நிறுத்தி, "கூட யாரு இருக்கா?"

நான்கு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"யாருமில்ல."

"போனை வைக்காதே. காதுகிட்ட வச்சுட்டுப் படு."

எழுந்து ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்தாள். கூடத்து விளக்கை மட்டும் விட்டுவைத்தாள்.