அப்பா ஜாடை

ஆஞ்சலாவுக்குத் தங்கை மேல் பொறாமை. இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. சின்ன வயதில் வந்தது, நாற்பதைத் தாண்டியும் நன்றாகத் தின்று கொழுத்து வளர்ந்திருந்தது. மாதா பெயர் வைத்த தங்கை ஃபாத்திமா தொம்மலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருக்கிறாள், சொந்தமாக ஃப்ளாட் வாங்கிவிட்டாள், கார் ஓட்டுகிறாள். அதையெல்லாம் ஆஞ்சலா பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாதது ஒன்றுதான். தங்கைக்கு அப்பா முகம்.

அப்பா ரெமிஜியஸின் மூக்கு, கன்னத்துக் குழி, சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சுருங்குவது, எல்லாவற்றையும் சின்னவள் அள்ளிக்கொண்டு பிறந்திருந்தாள். ஆஞ்சலா அம்மா வீட்டுச் சாயல். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு யார் வந்தாலும் "ரெமிஜியஸை உரிச்சு வெச்சிருக்குது" என்று தங்கையின் தாடையைப் பிடித்துக் கொஞ்சுவார்கள். பிறகு பக்கத்தில் நிற்கிற பெரியவளைப் பார்த்து, "இதுவும் உங்க பொண்ணுதானா?" என்பார்கள். கேட்பவர்களுக்கு அது ஒரு பேச்சு. ஆஞ்சலாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அப்பா நாற்பது முடிந்த கையோடு குடல் புற்றுநோயில் போனார். அவர் தம்பி க்ளென்னும் அதே வியாதியில், ஏறக்குறைய அதே வயதில் போனார். அன்றைக்கே அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். முகம் யாருக்கோ வியாதியும் அவளுக்குத்தான். அதிலிருந்து மாதா மாதம் முதல் வெள்ளிப் பூசைக்கு ஃபாத்திமாவின் பெயரைக் கோயில் ஆபீசில் கொடுத்துவிடுவாள். பூசை தொடங்கும்போது சாமியார் மைக்கில், "ஃபாத்திமாவின் உடல்நலத்துக்காக அவரது தாயார் இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறார்" என்று வாசிப்பார். பெஞ்சுகளில் நாலு தலை திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டும்.

ஆஞ்சலாவின் பெயரை யாரும் கொடுத்ததில்லை. கொடுக்க என்ன இருக்கிறது? கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். முன்னறையில் மிஷின் போட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள், ஓரம் அடிக்கிறாள், அம்மாவுக்கு வடித்துக் கொட்டுகிறாள். சாமியிடம் சொல்லி வைக்க வேண்டிய ஆளா அவள்?

இரண்டாயிரத்து எட்டில், பரம்பரையாக வரும் குடல் புற்றுநோயை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் வனஜாவிடம் அம்மா ஃபாத்திமாவைக் கூட்டிப்போகக் கிளம்பினாள். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"இவளுக்கு எதுக்கு? இவ எங்கம்மா வீட்டு ஜாடை. இவளுக்கு ஒண்ணும் வராது" என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆஞ்சலா மிஷினை மூடிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் வனஜா பொறுமைசாலி. "கெட்டுப்போன ஜீன் ஒண்ணு உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்திருக்கலாம்மா. அது பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸ். முகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். கூடவே இன்னொன்றும் பார்க்கப்போவதாகச் சொன்னார். "குரோமோசோம் முனையில டெலோமியர்னு ஒரு பாகம் இருக்கு. முனை கெட்டுப்போகாம காப்பாத்தறது அதுதான். வயசாக ஆகத் தேஞ்சுக்கிட்டே வரும். இந்த மாதிரிக் குடும்பங்கள்ல அது குட்டையா இருந்தா வியாதி சீக்கிரம் வருதான்னு பாக்கறோம். இன்னும் நிச்சயமாத் தெரியாது."

ஓரம் அடிக்காத புடவை என்னவாகும் என்று ஆஞ்சலாவுக்குத் தெரியும். அதனால் அது புரிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வழியெல்லாம் ஃபாத்திமாவின் கையையே பிடித்துக்கொண்டு வந்தாள்.

முடிவு வந்தபோது டாக்டர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். பெரியவளுக்கு அந்த ஜீன் இருக்கிறது. டெலோமியரும் அவள் வயதுக்குக் குட்டைதான். "அதை வெச்சுப் பயப்படாதீங்க, அது ஆராய்ச்சி. ஆனா ஜீன் நிச்சயம். உடனே குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும். அப்புறம் வருஷா வருஷம். விட்டுடாதீங்கம்மா." சின்னவளுக்கு ஜீன் இல்லை.

ஆஞ்சலாவுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். அப்பா எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்! நாற்காலியை விட்டு எழுவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்து, பயம் வந்து உட்கார்ந்தது.

வெளியே விஷயத்தைக் கேட்ட அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரத்தத்த மாத்திட்டாங்க. டப்பா மாறிப்போச்சு. சின்னவ மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

டாக்டர் சலிக்காமல் இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார். அதே முடிவு வந்தது. அம்மா அதையும் நம்பவில்லை. அடுத்த முதல் வெள்ளியன்று மைக்கில் எப்போதும்போல ஃபாத்திமாவின் பெயர்தான் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆஞ்சலாவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. முகம் அவளுக்கு, கொஞ்சல் அவளுக்கு. கடைசியில் என் வியாதியும் அவளுக்கா? வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கேமரா சோதனைக்கு வாங்கியிருந்த தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். யார் பெயரை வாசித்தார்களோ அவளே போய்ப் படுக்கட்டும்.

விஷயம் தெரிந்து ஃபாத்திமா ஆபீஸிலிருந்து நேராக வந்தாள். ஆஞ்சலா மிஷினை நிறுத்தவில்லை.

"ஏன்க்கா கேன்சல் பண்ணே?"

"உனக்குத்தானேடீ பூசை வெச்சாங்க. நீ போ."

ஃபாத்திமா குனிந்து மிஷின் ஸ்விட்சை அணைத்தாள். "உனக்கு என் மேல பொறாமைன்னு எனக்குத் தெரியும். எனக்கு உன் மேல எவ்ளோன்னு உனக்குத் தெரியுமா?"

"என் மேலயா? என்னாத்துக்கு?"

"அம்மா உன்னைப் பாத்து வாய் நிறையத் திட்டுவாங்க, உன் கூட உக்காந்து டீவி பாப்பாங்க, சிரிப்பாங்க. நான் உள்ள வந்தா சிரிப்பு நின்னுடும். என் மூஞ்சியில அவங்க பாக்கறது என்னை இல்ல, அப்பாவோட சாவை. ஒரு வாய் சோறு வேணாம்னு சொன்னாக்கூட, வயிறு வலிக்குதாடீன்னு அழுவாங்க. அதுக்குத்தாங்க்கா நான் தொம்மலூருக்கு ஓடினேன். வேலை தூரம்னு சொன்னதெல்லாம் சும்மா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரிசல்ட் வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே உன்னை நெனச்சுச் செத்தேன். நாளைக்கு வேற டேட் வாங்கிட்டேன். குடலைக் காலி பண்ற பேதி மருந்து பையில இருக்கு. நீ குடிக்கிற வரைக்கும் நான் எழுந்து போகமாட்டேன்."

அழும்போது அந்தக் கன்னத்தில் குழி விழுந்தது. ஆஞ்சலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

"கொண்டா. தூ, நாத்தம் புடிச்ச மருந்து" என்றாள்.

கேமரா சோதனையில் இரண்டு சின்னக் கட்டிகள் கிடைத்தன. அங்கேயே வெட்டி எடுத்தார்கள். அதில் ஒன்று, விட்டிருந்தால் புற்றாகியிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடமே சொன்னார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவளின் முகத்தை, அப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்த மாதிரி, உற்றுப் பார்த்தாள்.

அடுத்த முதல் வெள்ளி. சாமியார் மைக்கைத் தட்டினார். "ஆஞ்சலாவின் உடல்நலத்துக்காக அவரது தாயார் இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறார்."

நாலு தலை திரும்பியது. உச்சுக் கொட்டினார்கள். ஆயுசெல்லாம் காத்திருந்த வாசகம் இவ்வளவுதானா என்று ஆஞ்சலாவுக்கு இருந்தது. பக்கத்தில் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு மட்டும் என்று வைத்திருந்த பார்வை, நடுங்குகிற, ஈரமான அதே பார்வை. நேருக்கு நேராக வாங்கிக்கொள்ள முடியாமல் ஆஞ்சலா பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூசை முடிந்து அவள் வெளியே வரக் கொஞ்சம் தாமதமானது. கேட்டருகே ஃபாத்திமா அம்மாவின் காதில் என்னவோ சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு, "போடீ கழுதை" என்று சின்னவளின் முதுகில் ஓர் அடியும் வைத்தாள். அது நேற்று வரை ஆஞ்சலாவுக்கே கிடைத்துவந்த அடி.

ஆஞ்சலாவை ஏறிட்டுப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றது.

"வயிறு வலிக்குதாடீ?" என்றாள்.