கரைந்த மேடு

மேட்டில் புதைத்தால் பையன் போகிற வருகிற படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அடம்பிடித்தவள் ஒடீலியாதான். ஊர்க் கல்லறையில் இடமில்லாமல் இல்லை. ஆனால் கனடாவின் வடகோடியில் வாழும் குவிச்சின் பழங்குடி ஜனங்களில் அவள் முன்னோர் எல்லாரும் மெக்கன்சி ஆற்றங்கரையில் நல்ல உயரமான மேடாகப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார்கள். அடியில் காலங்காலமாகக் கல்லாய் உறைந்த மண். அதைவிடப் பத்திரமான இடம் எது?

அந்த மண்தான் இந்தக் கோடையில் இளகிக் கஞ்சிபோல ஆற்றில் வழிந்துகொண்டிருந்தது. அவள் மகன் பேசிலின் கல்லறையைச் சுற்றிய வெள்ளை வேலியின் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கியது.

தெற்கே இருந்து வந்த ஆராய்ச்சிக்காரன் டங்கன், அந்தச் சேற்றுத் தண்ணீரை எடுக்கப் படகு ஓட்ட ஆள் தேடியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கூலி வேண்டாம் தம்பி. உங்க ஹெலிகாப்டர் திரும்பிப் போறப்ப என் பையன் சவப்பெட்டிய ஊர்ல எறக்கிடணும். கீழ சேறு ஆளை முழுங்குது, பின்னால முழுக்கச் சதுப்பு. மேல இருந்துதான் தூக்கணும்."

"கண்டிப்பாம்மா. அது என் பொறுப்பு."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டங்கன் ஆற்றையே அளந்தான். புட்டி புட்டியாகத் தண்ணீர் எடுத்து, கூடாரத்தில் ஒரு குளிர்பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக வைத்து, எப்போது உறைகிறது என்று பார்த்தான். ஒடீலியாவின் கொழுந்தன் நோயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குளிர்காலம் வந்தா ஆறே உறையுது. இத பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சுத்தமான தண்ணி லேசுல உறையாதுங்க. மேகத்துல கடுங்குளிர்லயும் தண்ணியாவே நிக்கும். பனியா மாற ஒரு தூசு வேணும். அந்தத் தூசு இந்தச் சேத்துல நெறைய இருக்கு. ஆத்துல போயி, அலையில தெறிச்சு, காத்துல ஏறி மேகத்துக்குப் போகுது."

"என்ன தூசு அது?" என்றாள் ஒடீலியா.

"மண்ணுக்குள்ள மக்கிப்போனது எல்லாந்தாம்மா."

ஹெலிகாப்டர் வருகிற நாளன்று நோயல் மண்வெட்டியோடு நின்றான். முன்கூட்டியே தோண்டிப் பிள்ளையை வெட்டவெளியில் கிடத்த அவளுக்கு மனம் ஒப்பவில்லை. சத்தம் கேட்டதும் தோண்டலாம் என்றாள். சத்தம் கேட்டது. ஆனால் நோயல் தோண்டும் முன்பே டங்கன் தன் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றினான். ஏற்றி முடித்தபோது ஒரு கோழியை வைக்கக்கூட இடமில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தத் தண்ணி சூடேறுனா எல்லா வேலையும் பாழு. அடுத்த வாரம் வரேன், மொதல் வேலை உங்களோடதுதான்."

"அண்ணி, நம்பாத. நான் அப்பவே தோண்டுறேன்னேன்," என்று நோயல் பல்லைக் கடித்தான்.

மேடு அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. மறுநாள் பெய்த மழையில் வேலி, சிலுவை, பெட்டி எல்லாம் ஒரே சரிவாக இறங்கிப் போயின. ஒடீலியா சேற்றில் இடுப்பளவு இறங்கித் தேடினாள். நோயல் கயிறு கட்டித்தான் அவளை இழுத்தான்.

டங்கன் சொன்னபடி வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றான். பிறகு குனிந்து, புதுச் சரிவின் அடியில் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்தான். பாவி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்தான்.

இலையுதிர் காலத்தில் போன் வந்தது. "அம்மா, நல்ல சேதி! உங்க எடத்துத் தண்ணிதான் எல்லாத்துலயும் முதல். மேடு சரிஞ்ச பிறகு எடுத்தது இன்னும் சீக்கிரம் உறையுது!"

"ஆமா," என்றாள். "அவன் எதுலயும் முந்திக்கிறவன்தான்." போனை வைத்துவிட்டு விறகு எடுக்க வெளியே போனாள்.

வெளியே அந்த வருடத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. விறகோடு அவள் திரும்பியபோது தலை, தோள் எல்லாம் வெள்ளை. நோயல் அடுப்படியிலிருந்து கத்தினான்.

"அண்ணி, பனிய வாசல்லயே தட்டிட்டு வா. வீடெல்லாம் ஈரமாகுது."

ஒடீலியா தட்டவில்லை. விறகை மட்டும் இறக்கி வைத்தாள்.

"இருக்கட்டும். வீட்டுக்குத்தானே வந்திருக்கான்."