கெத்சீயாள் வீட்டு எல்லைக்கல்

கோயில் கோபுரம் தலைகீழாகத் தொங்குகிறது, அதன் உச்சியில் இருக்கும் இரும்புச் சேவல் மூக்கை வானத்துக்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறது, புல்தரை என் தலைக்கு மேலே கூரை போட்டிருக்கிறது, கொண்டை அவிழ்ந்து மயிரெல்லாம் ஈர மண்ணில் புரள, இரண்டு பேர் என் கைகளையும் ஒருத்தி என் கால்களையும் பிடித்து ஆட்டுகிறார்கள், ஒன்று என்று ஊரே கூவ என் பின்புறத்தைக் கொண்டுபோய்க் கல்லில் இடிக்கிறார்கள், ஏ பாவிகளா விடுங்களேன் என்று தமிழில் கத்துகிறேன், இங்கிலாந்தில் சஃபோக் சீமையின் ஒரு மூலையில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது, இரண்டு, மூன்று, அப்புறம் கண்ணைத் திறந்தால் இது பாளையங்கோட்டை, கயிற்றுக் கட்டில், மத்தியானத் தூக்கம், எழுபத்தைந்து வயதுக் கிழவியின் இடுப்பு வலி. தினமும் இப்படித்தான், கண் அசந்தால் போதும், அந்த ஊர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

தார்ன்வெல் என்று அதற்குப் பெயர், ஒரு கோயில், அறுபது வீடு, சுற்றிலும் கோதுமை வயல், ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள ஊரையும் வயலையும் சேர்த்து நம் பக்கத்து வேதக்காரர்கள் சேகரம் என்பார்களே, அதேதான், பாதிரியாரை ஐயர் என்று நாம் சொல்வதுபோல அங்கேயும் ஒரு ஐயர், அவருடைய மனைவிதான் என் அம்மா, பெற்றவள் இல்லை, நான் ஊழியம் செய்த துரைசாணி, பாளையங்கோட்டையில் மிஷன் ஐயருக்குப் பிறந்து ஆயாக்கள் மடியில் வளர்ந்தவள், அவள் வாயைத் திறந்தால் வெள்ளைத் தோலுக்குள்ளிருந்து தாமிரபரணித் தமிழ் வரும். இருபது வயதில் அவளைச் சீமைக்கு அனுப்பினார்கள், கப்பலில் துணைக்கு நான், கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவதாகப் பேச்சு, அடுத்த கப்பல் அடுத்த கப்பல் என்றே அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, என் தலையும் நரைத்த பிறகுதான் அந்த அடுத்த கப்பல் எனக்குக் கிடைத்தது. அங்கே சாதி கிடையாதுட்டி என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள், போய்ப் பார்த்தால் கோயிலுக்குள் பெஞ்சுகளுக்குக் கதவு இருக்கிறது, பண்ணையாருக்குக் கதவும் திண்டும் வைத்த பெஞ்சு, கூலிக்காரர்களுக்குப் பின்னால் வெறும் பலகை, நான் போய்ப் பின்பலகையில் உட்கார்ந்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் சொல்கிறேன், நனைந்த கம்பளிச் சட்டைகளின் நாற்றமும், மொச்சை பூத்த வயலின் வாசமும், கோபுரத்தின் ஆறு மணிகளையும் ஆறு பேர் நின்று அடிக்கிற அந்தச் சத்தமும் இப்போது ஒரு தடவை கிடைக்குமென்றால் இந்த இடுப்போடு கப்பலேறிவிடுவேன்.

கல்லில் இடித்த கதைக்கு வருகிறேன். பரமேறுதல் திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை சேகரத்தின் எல்லையை ஊரே சுற்றி நடக்கும், கையில் பட்டை உரித்த குச்சிகள், முன்னால் பழைய ஐயர், அம்மாவின் புருஷன் அப்போது அவருக்கு உதவி ஐயர், எல்லைக் கல் வருகிற இடமெல்லாம் ஒரு ஜெபம், ஒரு அடி, அடி கல்லுக்கு, அப்புறம் யாராவது ஒருவரைத் தூக்கி அந்தக் கல்லில் மூன்று தரம் இடிப்பார்கள், வலி மறக்காது, வலித்த இடமும் மறக்காது, ஐம்பது வருஷம் கழித்து யாரேனும் எல்லை எங்கே என்று கேட்டால் இடிபட்டவன் சாட்சி. ஒரு கல்லுக்கு ஒரு ஆள். கீழ்ப்பக்கத்துக் கடைசிக் கல் வந்தபோது கெத்சீயாள் என்னைப் பார்த்தாள். கெசியா என்று அவர்கள் கூப்பிடுவார்கள், நம் வேதாகமத்தில் அந்தப் பெயர் கெத்சீயாள், எனக்கு அவள் கெத்சீயாள்தான், கூலிக்காரன் பெண்டாட்டி, வண்டிச் சக்கரம் மாதிரி இடுப்பு, அவள் பேசியது சஃபோக் இங்கிலீஷ், என் மண்டைக்குள் அது எப்படியோ நம்ம ஊர்ப் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது. ஏளா, இந்தக் கறுப்பியை இடிப்போம், அப்பதான் இவளும் நம்ம ஊர்க்காரி ஆவா என்று சொன்னாள், சொல்லிவிட்டு என் கால்கள் இரண்டையும் அவளே பிடித்தாள், பிடி என்றால் உடும்புப் பிடி. அப்புறம் எனக்கு ஒரு ரொட்டியும் ஒரு குவளை பீரும் கொடுத்தார்கள், ரொட்டியைத் தின்றேன், பீரைக் கெத்சீயாள் பாவாடையில் ஊற்றினேன்.

அவளை நான் வெறுத்தேன், சும்மா இல்லை, மனசார வெறுத்தேன், கிணற்றடியில் அவள் நின்றால் குடத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன், இப்படி ஆறு வருஷம். ஏழாம் வருஷம் தொண்டை அடைக்கிற காய்ச்சல் வந்து ஊரில் பிள்ளைகள் சாக ஆரம்பித்தார்கள், அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை, அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன், அப்புறம் போனேன். இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றுக்கு நாலு வயது, ஒன்றுக்கு இரண்டு, எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் பாடித் தீர்த்தேன், புதன்கிழமை ஒன்று போயிற்று, சனிக்கிழமை மற்றது. நான்தான் குளிப்பாட்டினேன், கெத்சீயாள் கையால் துணியைப் பிடிக்க முடியவில்லை, கல்லறைத் தோட்டத்தில் ஒரு கறுத்த மரம் உண்டு, இலை உதிராத மரம், அதன் கீழே இரண்டையும் ஒரே குழியில் வைத்தார்கள், வருகிற வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அங்கெயே ஒரு எடம் கெடைச்சாப் போதும்ளா, வேற ஒண்ணும் கேக்கமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அவளை எக்கா என்று கூப்பிட்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ராணியம்மாளின் ஜூபிலிக்கு ஐந்து வருஷம் முந்தி, அறுவடைக் காலத்தில், பட்டாளத்துச் சர்வேக்காரர்கள் சங்கிலியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நாடு முழுவதற்கும் படம் வரைகிறார்களாம், ஒவ்வொரு சேகரமும் தன் எல்லையைக் காட்டவேண்டுமாம். எல்லை நடையை எங்கள் ஐயர் பொறுப்பேற்றதுமே நிறுத்திவிட்டிருந்தார், குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார்கள் என்று, இடிபட்டவர்களில் பாதி மண்ணுக்குள், பாதி கனடாவில். மற்ற எல்லையெல்லாம் ஓடை, பாலம், பெரிய மரம் என்று சுலபமாகத் தெரிந்துபோனது, கீழ்ப்பக்கம்தான் வில்லங்கம், வேலியைப் பிடுங்கி நீராவிக் கலப்பை விட்டு உழுததில் கடைசிக் கல் போன இடம் தெரியவில்லை, கோயில் புத்தகத்தில் கெத்சீயாள் வீட்டை ஒட்டி என்று மட்டும் இருக்கிறது, வீட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இல்லை. கல் வீட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் வீடு நமது, இந்தப் பக்கம் என்றால் வீடு பக்கத்துக் கோல்ட்பரி சேகரத்துக்குப் போய்விடும், போனால் என்ன என்று கேட்பீர்கள், கெத்சீயாள் அப்போது விதவை, முட்டுவலிக்காரி, தார்ன்வெல் அவளுக்கு வாரம் இரண்டு ரொட்டியும் குளிருக்கு விறகும் கொடுத்து அவள் வீட்டிலேயே இருக்க விட்டது, கோல்ட்பரியில் அந்தப் பேச்சே கிடையாது, கையாலாகாத ஏழை என்றால் வண்டியில் ஏற்றி டவுனில் இருக்கிற பெரிய கட்டடத்துக்கு அனுப்புவார்கள், அங்கே மயிரை வெட்டி, ஒரே நிறச் சட்டை மாட்டி, செத்தால் பின்பக்கத்துக் குழியில் பத்தோடு பதினொன்றாகப் போடுவார்கள். கறுத்த மரத்தடியில் அல்ல. ஐயர் நல்லவர்தான், ஆனால் உண்மை என்றால் நூல் பிடித்த மாதிரி, சாட்சி இல்லாமல் ஒரு அடிகூட நகரமாட்டேன் என்றுவிட்டார், அப்போது அம்மாதான் சொன்னாள், அந்தக் கல்லில் இடிபட்டவள் நம் அடுக்களையில் இருக்கிறாளே என்று.

வெயில் காய்கிற வயல், வெட்டின கோதுமைத் தாள் காலில் குத்துகிறது, ஐயர், அம்மா, சர்வே சார்ஜண்ட், கோல்ட்பரிப் பண்ணைக்காரர், வேடிக்கைக்குப் பாதி ஊர், கெத்சீயாள் தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் வீட்டு விவகாரம் என்பதால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. சத்தியம் வாங்குகிற காரியம், அவ பாஷையிலெயே சொல்லட்டும், அம்மா இங்கிலீஷ்ல சொல்லட்டும் என்றார் சார்ஜண்ட். எனக்கு இடம் ஞாபகமில்லை, நிமிர்ந்து பார்த்தால் எல்லா வயலும் ஒரே வயல், எனக்கு ஞாபகம் இருந்தது தலைகீழாகத் தொங்கின கோபுரம் ஒன்றுதான், ஆகவே நாற்பத்தெட்டு வயதில், அத்தனை ஆம்பளைகள் முன்னால், பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தேன், ஊர் சிரித்தது, சிரிக்கட்டும், நாலு எட்டு நகர்ந்தேன், குனிந்தேன், இன்னும் ஆறு எட்டு, குனிந்தேன், அப்போது வந்தது, அதே கோபுரம், அடியிலிருந்து சேவல் வரை முழுசாக, நடுவில் ஒரு மறைப்பும் இல்லாமல், என் இடுப்புக்கே தெரிந்துவிட்டது, இந்த இடந்தான். கெத்சீயாளின் வீடு எனக்கு முன்னால், இன்னும் தள்ளி, எல்லைக்கு வெளியே இருந்தது.

குனிந்த தலையை நான் தூக்கவில்லை. அம்மா, கல்லு இங்கதான் கெடந்துது, வீடு நம்ம பக்கம் இல்லம்மா என்றேன் தமிழில். என்ன சொல்கிறாள் என்று கேட்டார் ஐயர். இடுப்பு வலிக்குதாம் என்றாள் அம்மா இங்கிலீஷில், என் பக்கத்தில் வந்து முதுகைத் தடவுவதுபோல் குனிந்துகொண்டு, நல்லாத் தெரியுமாட்டி என்று தமிழில் கேட்டாள். தெரியும்மா. நான் தலைகீழாக அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, பிள்ளைகள் ஒரு சின்னப் பொய் சொன்னால் அன்றைக்கு ராச்சாப்பாடு இல்லாமல் போடுகிறவள், எத்தனை எட்டு வச்சா வீடு நம்ம பக்கம் வரும் என்று கேட்டாள். முப்பது இருக்கும். அப்போ நட, மெதுவா நட, யோசிக்கிற மாதிரி நட. நடந்தேன், கெத்சீயாளின் வாசலைத் தாண்டினேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டைக்கோஸ் பாத்தியைத் தாண்டினேன், வீட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன், கோபுரம் பாதிதான் தெரிந்தது, மீதியைப் புகைபோக்கி மறைத்துக்கொண்டது, இங்கதான், புகைக்கூண்டு கோபுரத்தை ரெண்டாப் பிளந்துட்டு நின்னுது, ஆண்டவர் சாட்சி என்றேன். அம்மா அதை ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னாள், குரல்கூட நடுங்கவில்லை. கோல்ட்பரிப் பண்ணைக்காரருக்கு என்ன, ஒரு வாய் குறைந்தது, சரி என்றார், சார்ஜண்ட் முளைக்குச்சி அடித்தார், ஐயர் தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கெத்சீயாள் தன் வீட்டிலேயே இருந்தாள், தன் கட்டிலிலேயே செத்தாள், கறுத்த மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அவளை வைத்தபோது நான் ஒரு பிடி மண் போட்டேன், அம்மா ஒரு பிடி போட்டாள், அது எனக்குப் போதும். ஆனால் இந்தக் கட்டிலில் படுத்தால் அதெல்லாம் வருவதில்லை, வருவது அந்த அறுவடைக்குப் பின்னால் வந்த முதல் சாம்பல் புதன்தான், பனி பெய்கிறது, கோயிலுக்குள் வாயைத் திறந்தால் புகை வருகிறது, முன்னால் அம்மா, பின்பலகையில் நானும் கெத்சீயாளும் தோளோடு தோள். அங்கத்திய வழக்கம் இது, அன்றைக்கு ஐயர் பாவிகள் மேல் விழுகிற சாபங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொரு சாபத்துக்கும் சபை முழுக்க ஆமென் சொல்லவேண்டும், கெத்சீயாள் ஆமென் சொன்னால் கூரையில் இருக்கிற புறா பறக்கும், விக்கிரகம் செய்கிறவனுக்கு ஆமென், தாய் தகப்பனைத் தூஷிக்கிறவனுக்கு ஆமென், அடுத்தது எனக்குத் தெரியும், இருபது வருஷமாகக் கேட்டதுதான், அதுவரைக்கும் காதில் விழுந்ததே இல்லை, எல்லைக் கல்லை நகர்த்துகிறவர்களுக்கான சாபம். ஐயர் வாசித்தார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போலக் கணீரென்று வாசித்தார், சபை ஆமென் என்றது, என் வாய் ஒட்டிக்கொண்டது, முன்பெஞ்சில் அம்மாவின் தொப்பி குனிந்தது, அவளுக்கு ஒரு இருமல், சரி, நாங்கள் இரண்டு பேர் என்று நினைத்தேன், அப்போதுதான் உறைத்தது, புறா பறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கெத்சீயாள் பலிபீடத்தைப் பார்த்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காலைப் பிடிச்சவ நான்லாளா, கல்லு எங்கெ கெடந்துதுன்னு எனக்குத் தெரியாதா என்றாள், உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்புறம் ஐயர் அடுத்த சாபத்தை வாசித்தார், அதற்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.