மாடிக்குத் திருப்பிவிட்ட போன்

கோயமுத்தூரில் சண்டை போடுகிறவர்கள்கூட மரியாதையாகத்தான் போடுவார்கள். ஆர்.எஸ்.புரம் குமாரசாமியும் சோமனூர் நஞ்சுண்டனும் கடைசியாகத் திட்டிக்கொண்டபோதுகூட வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார்களாம். அதன்பிறகு ஆறு வருடம் பேச்சே இல்லை. காரணம் சொத்தும் இல்லை, வரப்பும் இல்லை. குமாரசாமி புது வீட்டுக்குக் குடிபோன அன்று, தன் மனைவியின் அண்ணனான நஞ்சுண்டனை, இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு எழுப்பி, அந்த இடத்தில் ஒரு மில் முதலாளியை உட்காரவைத்துவிட்டார். மச்சான்தானே, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுக்கொள்வார் என்று நினைத்தாராம். நஞ்சுண்டன் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறியவர்தான்.

என் பெயர் நசுருதீன். கோட்டைமேட்டில் கடை. பெரிய வீடுகளுக்கும் மில் ஆபீசுகளுக்கும் இன்டர்காம் போட்டுக் கொடுப்பது தொழில். வெளியிலிருந்து வருகிற லைன் ஒன்றுதான். அதை ஒரு பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து எட்டு அறைக்கு எட்டு போன் இழுத்துவிட்டால், மாடியில் இருப்பவர் சமையலறையில் இருப்பவரை நம்பர் போட்டுக் கூப்பிடலாம். எழுந்து நடக்காமல் இருக்க மனிதர்கள் எதை வேண்டுமானாலும் வாங்குவார்கள் என்பதால் என் பிழைப்பு ஓடுகிறது. குமாரசாமி வீட்டுப் பெட்டியும் நான் போட்டதுதான்.

தொண்ணூற்றாறில் நஞ்சுண்டன் தன் விசைத்தறி ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அது தெரிந்த மறுவாரமே குமாரசாமியும் ஒன்று வாங்கினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டையும் விற்றவர் கோபாலசாமி என்ற கெட்டிக்காரர். இரண்டிலும் ஒரே விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேர் காதிலும் தனித்தனியாக ஓதினார். மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதைப் போன் லைனில் மாட்டினால், அவரவர் வீட்டில் இருந்துகொண்டு வாயே திறக்காமல் மோதலாம் என்றார். திரையில் இரண்டு மலை, மலைக்கு ஒரு டாங்கி, மாற்றி மாற்றிக் குண்டு போட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெரிய மனிதர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்குமா? மோடமும் இரண்டு விற்றது.

இதற்கிடையில் குமாரசாமியின் மகள் பூங்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. தாய்மாமனுக்குப் பத்திரிகையை யார் கையிலாவது கொடுத்தனுப்பினாலும் ஆகாது. பெண்ணின் அப்பா தன் வாயால் 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். குமாரசாமிக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அவர் மனைவி பழனாத்தாள் சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார், கடைசியில் புருஷனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது குமாரசாமி எனக்கு ஆள் அனுப்பினார். டாங்கி விளையாட்டுக்கு லைன் சரிசெய்து தர வேண்டுமாம்.

அந்த விளையாட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டும், மற்றவர் போன் போட்டு வர வேண்டும். காத்திருக்கிறவர் தான்தான் என்பதில் குமாரசாமி கறாராக இருந்தார். கூப்பிடுகிறவன் இறங்கிவந்தவன் ஆகிவிடுவானாம். கோபாலசாமி போய்ச் சொன்னதும் நஞ்சுண்டனும் ஒத்துக்கொண்டார். கூப்பிடுவது மோடம்தானே, நானா கூப்பிடுகிறேன் என்றாராம். இரண்டு பேருக்கும் மானம் பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் போன் வந்தது. வெளிப் போன் எதுவானாலும் ஹாலில்தான் அடிக்கும். மோடம் மாட்டியிருந்த எட்டாம் நம்பர் போன் மாடி அறையில் இருந்தது. போன் இரண்டு தடவைக்கு மேல் அடித்தால், வந்தவரை வாசலில் நிற்கவைத்த மாதிரி அந்த வீட்டில் பதறுவார்கள். பழனாத்தாள் ஓடிவந்து எடுத்து, "ஏனுங்க, யாருங்க? சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குப் பீப் என்றது.

இனி யாரும் எடுக்கக் கூடாது என்று குமாரசாமி உத்தரவு போட்டார். மறுபடி அடித்தது. மதுக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா, இத்தனை பேர் உட்கார்ந்துகொண்டு போனை எடுக்காமல் இருக்கிற அநாகரிகத்தைப் பொறுக்க முடியாமல் எடுத்து, மழை உண்டா என்று மோடத்திடம் விசாரித்தார். மூன்றாவது தடவை பழனாத்தாளையே எடுத்து, ஒன்றும் பேசாமல் மாடிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார். ஆனால் "இருங்க, குடுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினார். அதற்குள் சோமனூர் மோடம் சலித்துப்போய் லைனை வைத்துவிட்டது. மரியாதை தெரிந்த வீட்டில் மெஷின் பிழைக்காது.

கடைசியில் மாடிப்படிக்கு அடியிலிருந்த இன்டர்காம் பெட்டியைத் திறந்தேன். வெளியிலிருந்து எந்தப் போன் வந்தாலும் ஹாலைத் தொடாமல் நேராக எட்டுக்குப் போகும்படி மாற்றிவைத்தேன். அங்கே மோடம் முதல் மணியிலேயே எடுத்துக் கீச்சென்று கத்தும். எதிரிலும் ஒரு மோடம் இருந்தால் அதுவும் பதிலுக்குக் கத்தும். கத்தி முடித்ததும் இரண்டும் ராசியாகிவிடும். மனிதர்களுக்கு அது தெரியவில்லை.

பதினோரு மணிக்குப் போர் ஆரம்பித்தது. குமாரசாமி போட்ட முதல் மூன்று குண்டும் அவர் மலையிலேயே விழுந்தன. ஏழுக்கு இரண்டு என்று தோற்றுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே இறங்கி வந்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பெட்டியைப் பழையபடி மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் பாய். ஜெயிச்சவன் சும்மா இருக்க மாட்டான், மறுபடியும் கூப்பிடுவான்" என்றார்.

மற்றவர்கள் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், நமக்கென்ன என்று பழனாத்தாள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்யாண வீட்டுக்கு அதன்பிறகு ஒரு போன்கூட வரவில்லை. இங்கிருந்து வெளியே பேச முடிந்ததால் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. மாடி அறை பூட்டியிருந்தது, சாவி குமாரசாமியின் சட்டைப் பையில் இருந்தது. வேலையாக இருப்பார்கள் என்று ஜனங்கள் தொந்தரவு செய்யாமல் இருக்கிறார்கள், என்ன ஒரு மரியாதை என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த மரியாதைக்காரர்களோ இந்த வீட்டு நம்பரைப் போட்ட கையோடு காதில் கீச்சுச் சத்தம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டுப் போன் கத்துகிறது என்று சொன்னால் மனம் சங்கடப்படுமே என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. வேறு ஊராக இருந்தால் அரை நாளில் வீடு தேடி வந்து திட்டியிருப்பார்கள், விஷயம் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை நஞ்சுண்டன் என்னைச் சோமனூருக்கு வரச் சொன்னார். பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் பேசுவதே எப்போதும் அப்படித்தான். மேஜையில் இருந்த மோடத்தைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழமை இந்தப் பொட்டிக்குள்ள இருந்து எந்தங்கச்சி கொரல் கேட்டுச்சுங்க பாய். சாப்ட்டீங்களான்னு கேட்டுச்சு. அப்பறம் ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

மோடத்துக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு. எதிரில் இன்னொரு மோடம் பேசுகிற வரைக்கும் லைனில் வருகிற சத்தமெல்லாம் அதில் கேட்கும். அன்று இவர் காதில் விழுந்தது அதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டரைத் தொடாமல், இவரே போனைக் கையில் எடுத்திருக்கிறார். கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, நானே வந்து பட்டம் கட்டுகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தாராம். கீச்சென்று கத்தியிருக்கிறது. வைத்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். பதினோரு தடவை போட்டதாகச் சொன்னார்.

அது மெஷின் செய்த வேலை, வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"மெசினுன்னு எனக்குந் தெரியுமுங்க. மூணு நாளா அதை எடுக்காம வெச்சிருந்தது மெசினுங்களா?" என்றார்.

தன் லைனிலும் அதே மாதிரி மோடமே எடுக்கும்படி செய்துவைக்கச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் இதே சத்தத்தைக் கேட்கட்டும் என்றார். தறி வியாபாரத்துக்கு அவரிடம் வேறு லைன் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு செய்துகொடுத்தேன். சண்டைக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒரே ஆளை வைத்துக்கொண்டால் அந்த ஆள் இப்படித்தான் ஆவான்.

ஆனால் அங்கிருந்து கடைக்குப் போக மனம் வரவில்லை. நேராக ஆர்.எஸ்.புரம் போய், ஹாலில் இருந்த புருஷன் பெண்சாதி இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். குமாரசாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப மொதல்ல கூப்பிட்டது அவந்தானுங்க பாய்" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்டர்காம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. பழனாத்தாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைப் பழையபடி ஆக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். ஆக்கினேன். அவரே சோமனூர் நம்பரைப் போட்டார். கீச்சுச் சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"வெக்காதீங்க அம்மணி. அந்தப் பொட்டியில ஸ்பீக்கர் இருக்குதுங்க. நீங்க பேசுனா அவருக்குக் கேக்கும், பேசுங்க" என்றேன்.

அந்தக் கத்தலுக்குள் அவர் பேசினார். "அண்ணா, பழனாத்தா பேசறனுங்க. புள்ளைக்குப் பட்டங் கட்ட ஆளில்லீங்க." அரை நிமிடத்தில் மோடம் லைனை வைத்துவிட்டது. மறுபடி நம்பரைப் போட்டார். மறுபடி கத்தியது. விட்ட இடத்திலிருந்து பேசினார். பூங்கொடி மாமன் மாமன் என்று கேட்டு அழுவதைச் சொன்னார். மூன்றாவது தடவை, அன்றைக்கு உங்களை இலையிலிருந்து எழுப்பியபோது நான் அடுப்படியில் இருந்துவிட்டேன், இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லி அழுதார். குமாரசாமி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவை கத்தல் பாதியில் நின்றது. அந்தப் பக்கம் யாரோ மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரிசீவரை எடுத்திருந்தார்கள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், ஹால் முழுக்கக் கேட்டது.

"அம்மணி, அவரு இருந்தாருன்னா குடு."

பழனாத்தாள் ரிசீவரை நீட்டினார். குமாரசாமி உடனே வாங்கவில்லை. வாங்கிக்கொண்டு, ஆறு வருடமாகச் சேர்த்துவைத்த ரோஷத்தில் எதை எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் முழித்தார். கடைசியில், அந்த வீட்டில் போனை எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தானாக வருகிற வார்த்தைதான் அவருக்கும் வந்தது.

"சாப்ட்டீங்களா?"

"எங்கீங்க? அன்னைக்கு எந்திரிக்கச் சொன்னீங்க, எந்திரிச்சு வந்தவனுங்க. ரெண்டாம் பந்திக்கு இன்னும் யாருங் கூப்பிடலீங்களே."

குமாரசாமி என்னைப் பார்த்தார். லைன் கட்டாகித் தொலைந்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கியது தெரிந்தது. நான் போட்ட லைன், கட்டாகவில்லை. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான்" என்றார்.