வயல் நிறையவில்லை

கண்மாய்க் கரையில் வனத்துறைக்காரர்கள் பச்சைப் பெயின்ட் அடித்த பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். பறவைகள் காப்பிடம். சுடக் கூடாது, வெடி போடக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது என்று எல்லாம் எழுதியிருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

ராசிங்காபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். வயல் நிறைந்து கடைவரப்பில் வழிந்தால் ஒருவர் முறை முடிந்தது. எடுக்காமல் விட்டாலும், நடுவில் மடையை மூடினாலும் முடிந்ததாகவே கணக்கு. கடைசி முறையும் முடிந்துவிட்டால் மீன் குத்தகைக்காரன் மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு மீனை அள்ளிக்கொள்ளலாம். யாரும் இதை எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

கடைசி முறை மகாராணியுடையது. கரைக்கு நேர் கீழே அவள் வயல்.

போன மாசியில் அவள் முறை ஒரே நாளில் முடிந்தது. மறுநாளே குத்தகைக்காரன் சுருளிவேல் கண்மாயை வடித்தான். நடுவே கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு வைத்திருந்தன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரை நாய் அண்டாது. தண்ணீர் போனதும் கிட்டத்தில் மீனில்லாமல் தாய்கள் எங்கோ பறந்தன. பசியில் முண்டிய குஞ்சுகள் கூட்டைவிட்டு விழுந்தன. கீழே நாய்கள் காத்திருந்தன.

மகாராணிக்கு நாரை மேல் பாசமெல்லாம் கிடையாது. அதுகளின் எச்ச நாற்றம் அவள் சோற்றுப் பானை வரைக்கும் வரும். ஆனால் அந்தக் குஞ்சுகள் கத்திய சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவள் தயாராக இல்லை.

முன்பெல்லாம் மாசியிலும் மலையோடை கொஞ்சம் இறங்கும். இப்போது மேலே ஏலத்தோட்டங்களில் படுதா விரித்த குளங்களில் அதைத் தேக்கிச் செடிக்கு அடிக்கிறார்கள். அடிக்கிற பைப்பைப் பிடிப்பவர்களில் மகாராணியும் ஒருத்தி. கூலி அதற்குத்தான். அதனால் மேலே இருந்து ஒரு சொட்டும் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருசம் முறை வந்ததும் மடையைத் திறந்தாள். தண்ணீர் வயலுக்குள் வந்தது. வயலில் டீசல் மோட்டாரை வைத்து, ஓஸைக் கரைக்கு மேலே ஏற்றி, வந்த தண்ணீரைத் திரும்பக் கண்மாய்க்கே இறைத்தாள்.

முதல்நாள் ஊரே சிரித்தது. மூன்றாம்நாள் சுருளிவேல் வந்தான்.

"என்ன மதினி, கண்மாய்த் தண்ணியக் கண்மாய்க்கே இறைக்கிறீக? டீசலு என்ன ஊத்துலயா வருது?"

"என் முறைத் தண்ணி என் வயலுக்கு வந்துருச்சு. குடிப்பேன், குளிப்பேன், எங்கிட்டு வேணாலும் இறைப்பேன். ஒங்களுக்கு என்ன கொழுந்தனாரே?"

"இது ஏமாத்து வேல."

"வயலு நெறஞ்சிருச்சா? சின்னையாவக் கேளுங்க."

முறை பார்க்கும் நீர்க்கட்டி ஜக்கையன் கடைவரப்பில் குனிந்து பார்த்தார். "நெறயல" என்றார். சிரிப்பை மறைக்கத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தபோது ஓஸ் துண்டு துண்டாகக் கிடந்தது. மோட்டார் மூச்சுவிடவில்லை. வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, வரப்பு வழிய ஒரு சாண்தான் பாக்கி. சுருளிவேல் வலைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கரையில் வந்து நின்றான்.

"சின்னையா, பக்கத்துலயே நில்லுங்க. வழிஞ்ச ஒடனே சொல்லணும்."

யார் வெட்டியது என்று மகாராணி கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டி மண்வெட்டியோடு இறங்கினாள். சேற்றை வெட்டிக் கடைவரப்பின் மேல் போட்டு மிதித்தாள். திரும்பவும் வெட்டினாள்.

"என்ன செய்யுறீக மதினி?"

"பாத்தாத் தெரியலயா? வரப்பு வைக்கிறேன்."

"வரப்பு எம்புட்டு ஒசரம்னு ஒரு முறை இருக்குல்ல!"

"இருக்கா சின்னையா?"

ஜக்கையன் தாடையைச் சொறிந்தார். "தண்ணிக்குத்தான் முறை இருக்கு. மண்ணுக்கு இருக்கிறதா நான் கேள்விப்பட்டதில்லப்பா."

"மழ வந்தா எல்லாம் கரைஞ்சு போகும், பாத்துக்கிருங்க" என்று சுருளிவேல் கத்தினான்.

"மழ வந்தாக் கண்மாய நீங்க எப்பிடி வடிப்பீக?"

அவன் வண்டியின் கதவை ஓங்கிச் சாத்தினான். ஆனாலும் போகவில்லை. தண்ணீரும் நிற்கவில்லை.

போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாள் ஏற்றிப்போகும் ஜீப்பு கரையில் வந்து ஆரன் அடித்தது. முதல்நாள் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்த சுருளியம்மாள் அதிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏடி, சோலிக்கு வரலையா?"

"சோலியிலதான் நிக்கிறேன்."

சுருளியம்மாள் வெட்டுப்பட்ட ஓஸைப் பார்த்தாள். பிறகு குட்டியானையைப் பார்த்தாள். தூக்குவாளியோடு குதித்து இறங்கி, "நீ போ மாப்ளே" என்று ஜீப்பின் பக்கவாட்டில் தட்டினாள். "இன்னொரு மம்பட்டி எங்கடி இருக்கு? வெரசாச் சொல்லு."

வெயில் ஏறியது. வரப்பு முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. மரங்களிலிருந்து கிளம்பிய நாரை ஒன்று தலைக்கு மேலே போகிறபோது மகாராணியின் தோளில் கழிந்துவிட்டுப் போனது.

"சனியனே" என்று அண்ணாந்து திட்டிவிட்டு, அடுத்த மண்ணை வெட்டி மேலே போட்டாள்.