திரும்பாமல் கரையேறிய கலம்

பின்பனிக் காலத்து விடியற்போது. வடகீழ் வானில் ஆல்பன் குன்றுகளின் முதுகு முதலிற் கறுத்து, பின்னர் நீலம் பாரித்து, நீறு பூத்த கனல்போலச் சற்றே சிவக்க, குன்றடியிலிருந்து கடல்வரை விரிந்த ஈரவெளியின்மேல் மூடுபனி, அலசிப் பிழியாது எறிந்த வெள்ளாடைபோலக் கிடந்தது. இத்தாலியக் கரையிலுள்ள அன்சியோ நகரத்துக் கூரையிழந்த வீடுகள் வாய் திறந்து வானத்தை நோக்கியிருக்க, குடைப்பைன் மரங்கள் மட்டும், அண்டை வீட்டுச் சண்டையைச் சாளரத்தின் பின்னின்று கேட்கும் மாந்தர்போல, ஒன்றும் அறியாதனவாய் நின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டில், உலகப் போரின்போது, நேப்பிள்சுக் குடாவிலிருந்து அக்கரைக்கு நாள்தவறாது ஊர்ந்து வந்த தரையிறக்கு கலங்களுள் ஒன்று எங்களுடையது.

கலம் என்றதும், கற்றறிந்தீர், அன்னம்போல் மிதக்கும் ஒன்றை உள்ளத்தில் வரைந்துகொள்ள வேண்டா. தட்டையான அடியும், கரையில் கதவாய்க் கவிழும் சதுர முகமும், காற்று எப்பக்கம் வீசினும் அப்பக்கமே செல்ல விழையும் இணக்கமான இயல்பும் உடையது அது. அதனைச் செலுத்துதல், மேசையின் இழுப்பறையில் ஏறி ஆற்றைக் கடப்பதை ஒக்கும். அதிலே பன்னிருவர் வாழ்ந்தோம். படுக்கை ஈரம், காலுறை ஈரம், ரொட்டியும் ஈரம். தேநீர் ஒன்றே சிற்சில வேளை ஈரத்தோடு வேறு சுவையும் உடையதாயிருந்தது. இன்று உலர்ந்த மெத்தையிற் கிடந்துகொண்டு அவ்வீரத்துக்காக ஏங்குகிறோம் என்றால், நெஞ்சம் என்பது எவ்வளவு அறிவற்ற உறுப்பு!

எங்கள் தலைவர் லெனர்டு ஹாதர்சேஜ், இருபத்து நான்கு அகவையினர். போருக்கு முன்னர் ஊரூராகச் சென்று பியானோக்களுக்குச் சுருதி கூட்டியவர். எறிகுண்டு சீறி வரும்போதும், அதன் ஒலி சற்றே தாழ்ந்திருப்பதாக முகம் சுளிப்பவர். பொறிகளைக் காத்தவர் ஏமஸ் ட்ரெடினிக் என்னும் கார்ன்வால் நாட்டு முதியவர். மாந்தரிடம் பேசியதினும் பொறிகளிடம் மிகுதியாகவும் கனிவாகவும் பேசினார். சமைத்தவன் வில்ஃப் கார்சைடு. உலகத்து இடர்கள் அனைத்துக்கும் பட்டாணிக் கூழே மருந்தென நம்பிய யார்க்சயர்க்காரன்.

கரையேறும் கலம் திரும்பி வருவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு இருநூறு கசத்துக்கு முன்னரே பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் இறக்கி, அதன் வடத்தை விட்டுக்கொண்டே சென்று மணலில் முகம் பதித்து, சுமை இறங்கியதும் அவ்வடத்தைச் சுருட்டித் தன்னைத்தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். நங்கூரத்தோடு சிறு பீப்பாய் ஒன்றை மிதவையாகக் கட்டுவர். இடர் நேர்ந்து வடத்தை அறுத்துவிட்டு ஓட நேரினும், மறுநாள் வந்து மிதவையைக் கண்டு நங்கூரத்தை மீட்டுக்கொள்ளலாம். அவ்விடியலுக்கு முந்தைய நாள் குண்டுமழையில் அவ்வாறே வடத்தை அறுத்து ஓடினோம். திரும்பிப் பார்த்தால், நீர்மேல் மிதவை இல்லை.

"எங்கடா பீப்பா?" என்றார் ஏமஸ்.

"அதுவா..." என்றான் கார்சைடு. "அதுல பட்டாணி ஊறுது."

"என்னது?"

"அண்டா ஓட்டையாப் போச்சுய்யா. ஒரு ராத்திரிக்குத்தான் எடுத்தேன். காலைல கட்டிடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"நல்லா ஊறட்டும். உன்னையும் அதுலயே போட்டு வேகவெக்கிறேன்."

தலைவர் கடலைப் பார்த்தவாறே, "கூழ் நல்லா இருக்கணும் கார்சைடு," என்றார். "ஒரு நங்கூரத்தப் போட்டு செஞ்சிருக்கோம்."

மறுநாட் காலையில் கொக்கிகளால் கடலடியைத் துழாவித் துழாவிக் கைகள் கன்றினவேயன்றி, நங்கூரம் அகப்படவில்லை. தென்மேற்கிலிருந்து காற்றும் எழுந்தது. அப்போது கரையிலிருந்து விளக்குச் செய்தி மின்னியது: மருத்துவக் கூடாரங்கள்மேல் குண்டு வீழ்ந்தது, புண்பட்டோர் முப்பத்தெண்மர் மணலிற் கிடக்கின்றனர், அலை மிகுதியால் சிறு படகுகள் அணுக இயலவில்லை, துறைமுகமும் எரிகிறது, வரக்கூடுமோ?

நங்கூரமின்றிச் சென்றால் மீள முடியாது என்பதை அனைவரும் அறிவோம்.

"இல்லைன்னு சொல்லிடுங்க சார்," என்றார் ஏமஸ். "யாரும் நம்மளக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்கதான்," என்றார் தலைவர். "ஆனா திரும்பியே ஆகணும்னு என்ன இருக்கு ஏமஸ்? மணல்ல ஏத்தி, தண்ணிய உள்ள விட்டு, அங்கயே உக்கார வெச்சிட்டா ஒரு பாலம் மாதிரி நிக்கும். அடிபட்டவங்கள முன்னாடி ஏத்தி, காத்து மறைஞ்ச பக்கத்துல படகுல எறக்கிடலாம்."

ஏமஸ் கீழே இறங்கினார். சிறிது பொழுதின்பின் படிக்கட்டில் அவர் தலை மட்டும் தோன்றியது. "தண்ணி விடுற குழாய நான்தான் தெறப்பேன். வேற எவனும் கைய வெச்சான்னா வெட்டிருவேன்."

அவ்வாறே கரையேறினோம். கதவு மணலில் வீழ்ந்தது; அடியறைகளிற் கடல் புகுந்தது; படுக்கச் சொல்லப்பட்ட முதிய பசுவைப்போல, பெருமூச்செறிந்து கலம் அமர்ந்தது. ஒரு பக்கத்தை அலைகள் அறைந்துகொண்டேயிருக்க, மறுபக்கத்து அமைதியிலே படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒண்டி வந்தன. புண்பட்டோரைக் கிடத்திய முதல் தூக்குக் கட்டிலைத் தூக்கியவன் கார்சைடு. இறுதிக் கட்டிலைத் தூக்கியவனும் அவனே. இடையில் எத்தனை முறை அத்தளத்தில் நடந்தான் என்பதை அவன் கால்களே அறியும். கண் கட்டப்பட்ட வீரனொருவன், "என்னப்பா இது, கப்பலா? பேரு என்ன?" என்று வினவினான்.

"பேரெல்லாம் வெக்கல. நம்பர்தான்."

"அடப்பாவிங்களா! ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பேர் வெப்பாங்களேய்யா!"

கார்சைடு சற்றே தயங்கி, தன் தாயின் பெயரைச் சொன்னான்: "எட்னா."

மாலை சாயுமுன் முப்பத்தெண்மரும் கடல் கடந்தனர். அதன்பின் கலத்தின் நடுவெலும்பு முறிந்தது, தளம் பிளந்தது, எங்கள் ஈரப் படுக்கைகள் ஒவ்வொன்றாய் அலைகளில் உலாப் போயின. பன்னிருவரும் மணலில் நின்று பார்த்தோம். காலைமுதல் கார்சைடோடு ஒரு சொல்லும் பேசாத ஏமஸ், கடலைவிட்டுக் கண் எடுக்காமலே, "பசிக்குதுடா வில்ஃப்," என்றார். கார்சைடு முகத்தைக் கைகளிற் புதைத்து அழுதான்.

கடற்படையின் ஏட்டில் அது ஓர் எண்ணாகவும், அவ்வெண்ணின் எதிரே 'இழப்பு' என்னும் ஒற்றைச் சொல்லாகவும் நிற்கிறது. ஏடு பொய்யுரைக்கவில்லை. ஆயினும், எங்கோ ஒரு நகரத்தில் வெயிலில் அமர்ந்து பேரர்க்குக் கதை சொல்லும் கிழவன் ஒருவன், எட்னா என்னும் அழகிய கப்பலில் தான் ஒருமுறை ஏறியதாகக் கூறுவானாயின், அவனைத் திருத்தாதீர். அவன் கண் கட்டப்பட்டிருந்தது. எங்களுள் எவரையும்விட நன்றாகக் கண்டவன் அவனே.