வழிவிட்ட சுவர்

அம்மாவின் கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தபோது, கீழே சுவர்ப் பலகைகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. மகள் படியிறங்கி ஓடினாள்.

"அம்மா மேல கிடக்கிறாங்க. நீங்க செவத்தைப் பிடுங்கிட்டு இருக்கீங்களா?"

"அவங்க சொன்னதுதாம்மா," என்றார் படகுக்காரர். "கடல் ஏறுச்சுன்னா கீழ்ச்செவத்தை எடுத்துடணும், வழிவிட்டா அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிடும்னாங்க."

"முன்னாடி செஞ்சு பாத்திருக்கீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இப்பதான் முதல் தடவை."

மீனவர்களுக்காக அம்மா வரைந்து கட்டிய வலைக்கூடம் அது. கீழே தூண்களுக்கு நடுவே வலைகள், மேலே ஓர் அறை. கடலைத் தடுக்கக் கரை நெடுகக் கல்லைக் கொட்டலாம் என்று எல்லோரும் சொன்னபோது, மணல் போய்விடும், அப்புறம் படகை எங்கே ஏற்றுவார்கள் என்று தனியாளாக மல்லுக்கட்டியவள் அவள். 'செவரு வைக்கத் தெரியாத இன்ஜினியரம்மா' என்று மீன்காரக்கா வைத்த பெயர் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மகளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நோய் முற்றியதும் அம்மா நகரத்து வீட்டை விட்டு இங்கேதான் வந்து படுத்தாள். இன்று விடியும்போது, கடல் ஏறும் என்ற எச்சரிக்கை வந்த வேளையில், மூச்சு நின்றுவிட்டது.

"வேன் நிக்குது," என்றாள் வாசலுக்கு வந்த மீன்காரக்கா. "இப்பவே எடுத்தா மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம். நீ என்ன சொல்ற?"

மகள் படியை நிமிர்ந்து பார்த்தாள். கூடம் சரிந்தால் அம்மாவின் உடலும் மிஞ்சாது, பெயரும் மிஞ்சாது. தூக்கிக்கொண்டு ஓடினாலோ, பெற்ற மகளே நம்பவில்லை என்றாகிவிடும்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும். நீங்க போங்கக்கா."

"உன்னைத் தனியா விட்டுட்டா? நல்லா இருக்கு நியாயம்." அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைசிப் பலகையைத் தானே தூக்கினாள்.

வலைகளோடு மூவரும் மேலே ஏறிக்கொண்டார்கள். மதியத்துக்குள் கடல் வந்தது. மகள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரைப்பலகை இடுக்கில் பார்த்தாள். கறுத்த தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து, மறுபுறம் வெளியேறி, தோப்பு வரை போய்த் திரும்பியது. மறுபடி வந்தது. தூண்கள் அதிர்ந்தன. தலைமாட்டிலிருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை. இவ்வளவு பெரியதை வீட்டுக்குள் விடலாம் என்று இந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றியது? பயம் எப்போது போனதென்றே தெரியாமல் மகள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மாடி," என்றாள் அக்கா மெதுவாக. பட்டப்பெயர் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் கடல் இறங்கியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் கடைசிப் படியில் நின்றுவிட்டார்கள். கூடம் முழுக்கப் புதுமணல், ஒரு கால்தடமும் இல்லாமல் வழவழவென்று படிந்திருந்தது. முன்னால் பிடித்திருந்த படகுக்காரர் செருப்பைக் காலாலேயே கழற்றிவிட்டு மணலில் இறங்கினார்.